பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு ஒரு சப்வூஃபர்: தேர்வு, பவர், வைக்கும் இடம்

பேஸ் என்னும் தாழ்ந்த ஒலியை மட்டும் கொடுக்கும் ஸ்பீக்கர் பெட்டிதான் சப்வூஃபர். அதை வாங்கக் கடைக்குக் கிளம்பும் முன், இஞ்ச் டேப்பை எடுத்து அறையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். செங்கல் சுவர், காங்கிரீட் கூரை, டைல்ஸ் தரை என்றுதான் நம் ஊர் வீடுகள் பெரும்பாலும் இருக்கின்றன. இவை பேஸ் ஒலியை எளிதில் வெளியே விடாது, உள்ளேயே திருப்பி அடிக்கும். அதனால்தான் கடையில் கும்மென்று கேட்ட பெட்டி, வீட்டில் சோஃபாவில் உட்கார்ந்தால் குமுறுகிறது, இரண்டடி தள்ளி உட்கார்ந்தால் காணாமல் போகிறது. பெட்டியில் குறை இருக்காது. அறையைக் கணக்கில் எடுக்காததுதான் குறை.

அறைக் கணக்கு

ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 345 மீட்டர் போகிறது. 40 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 40 முறை அதிரும் ஒலியின் ஓர் அலை 8.6 மீட்டர், அதாவது 28 அடி நீளம். பத்தடி அறைக்குள் அது விரியவே இடமில்லை. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே மோதித் திரும்பும்போது குறிப்பிட்ட சில அதிர்வெண்கள் மட்டும் ஒன்றோடொன்று கூடிப் பெருத்துவிடும். முதலில் பெருக்கும் அதிர்வெண்ணைக் கண்டுபிடிக்க, 565-ஐ அறையின் அடிக்கணக்கால் வகுத்தால் போதும். 10 அடிக்கு 56 ஹெர்ட்ஸ், 12 அடிக்கு 47, 15 அடிக்கு 38, 18 அடிக்கு 31. அவற்றின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கிலும் இதே தொல்லை இன்னும் கொஞ்சம் குறைந்த அளவில் வரும்.

இது பாட்டில் எப்படித் தெரியும்? பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸ், அடுத்த கம்பி 55 ஹெர்ட்ஸ். பத்தடி அறையில் அந்த இரண்டாவது கம்பியை மீட்டும்போதெல்லாம் அந்த ஒலி மட்டும் தனியாக வீங்கும். மற்ற சுரங்கள் ஒழுங்காக இருக்கும். ஒரே ஒரு சுரம் மட்டும் "ஊம்" என்று இழுத்துக்கொண்டு நின்றால் அது அறையின் வேலை என்று புரிந்துகொள்ளுங்கள்.

10 × 10 அறை, கூரையும் 10 அடி உயரம் என்றால் நிலைமை இன்னும் மோசம். மூன்று திசையிலும் அதே 56 ஹெர்ட்ஸ் சேர்ந்து குவியும். வீட்டில் வேறு அறை இருந்தால் அதற்கு மாறுங்கள். வேறு வழியில்லை என்றால் பெரிய பெட்டிக்கு ஆசைப்படாதீர்கள்.

எந்த அளவு, எந்தப் பெட்டி

மூன்று அளவையும் பெருக்கிக் கன அடி பாருங்கள். 10 × 12 × 10 என்றால் 1200 கன அடி. கதவை மூடிக் கேட்கும் இந்த அளவு அறைக்கு 8 அல்லது 10 அங்குல சப்வூஃபர் தாராளம். 12 × 18 ஹாலுக்கு, அதாவது 2000 கன அடிக்கு மேல் போனால், 10 அல்லது 12 அங்குலம். ஹாலும் சாப்பாட்டு இடமும் சமையலறையும் கதவில்லாமல் சேர்ந்திருந்தால் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் அளக்க வேண்டும். அங்கே ஒரே ஒரு 15 அங்குலப் பெட்டியைவிட, இரண்டு இடங்களில் வைத்த இரண்டு 10 அங்குலப் பெட்டிகள் நல்லது. ஒரு பெட்டியின் பேஸ் குறைந்து கேட்கும் இடத்தை மற்றது ஓரளவு நிரப்பும்.

அளவு ஏன் முக்கியம் என்றால், பேஸ் என்பது காற்றைத் தள்ளும் வேலை. அதே சத்தத்தை 60 ஹெர்ட்ஸுக்குப் பதில் 30 ஹெர்ட்ஸில் கொடுக்க, கோன் (ஸ்பீக்கரின் முன்னே அசையும் கூம்பு) நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். 8 அங்குலக் கோனின் பரப்பு சுமார் 210 சதுர செ.மீ., 12 அங்குலக் கோனுடையது 500-ஐ ஒட்டி. பெரிய கோன் குறைவாக அசைந்தே அதே காற்றைத் தள்ளிவிடும்.

பெட்டியில் இரண்டு வகை. மூடிய பெட்டி ஒன்று, காற்று போய்வரும் குழாயான பேஸ் டியூப் வைத்த பெட்டி இன்னொன்று. டியூப் பெட்டி ஒரு குறிப்பிட்ட அதிர்வெண் வரை நிறைய சத்தம் கொடுத்துவிட்டு, அதற்குக் கீழே மடமடவென்று விழுந்துவிடும். மூடிய பெட்டி மெதுவாக இறங்கும். சிறிய காங்கிரீட் அறையில், மேலே பார்த்த அந்த முதல் அதிர்வெண்ணுக்குக் கீழே அறையே பேஸைத் தூக்கிக் கொடுக்கும். மூடிய பெட்டியின் இறக்கத்தை அது ஈடுகட்டிவிடும். ஆகவே 10 × 12 அறைக்கு எங்கள் பரிந்துரை மூடிய பெட்டிதான். பெரிய ஹாலுக்கும், சினிமாதான் முக்கியம் என்பவர்களுக்கும் டியூப் பெட்டி. டியூப் பெட்டியில் ஓர் ஆபத்து உண்டு: டியூப் அமைத்த அதிர்வெண்ணுக்குக் கீழே கோனைப் பிடித்து நிறுத்தக் காற்றழுத்தம் இருக்காது, கோன் தறிகெட்டு ஆடும். ஆம்ப்ளிஃபயரில் 25 அல்லது 30 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியை வெட்டும் சப்சோனிக் ஃபில்டர் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

பழைய பெட்டி வாங்கினால், கோனைச் சுற்றியுள்ள வளையத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். ஃபோம் வளையம் நம் ஊர் ஈரத்தில் சில வருடங்களில் பொடிந்துவிடும். ரப்பர் நிற்கும். பிறகு இரண்டு கை விரல்களையும் கோனின் இரு பக்கமும் சமமாக வைத்து மெல்ல அழுத்துங்கள். உள்ளே மணல் உரசுவது போல் கரகரத்தால், கோனை அசைக்கும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயில் கருகியிருக்கிறது அல்லது கோணியிருக்கிறது, விட்டுவிடுங்கள்.

வாட் என்று எழுதியிருப்பதை நம்பலாமா

அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிட்ட பி.எம்.பி.ஓ. வாட்டுக்கு எந்த அர்த்தமும் கிடையாது. தொடர்ந்து கொடுக்கும் சக்தியைச் சொல்லும் ஆர்.எம்.எஸ். வாட் மட்டும்தான் கணக்கு. அதையும் சரிபார்க்க ஓர் எளிய வழி இருக்கிறது. செட்டைத் திருப்பி, மின்கம்பி நுழையும் இடத்தருகே ஒட்டியிருக்கும் சிறு ஸ்டிக்கரைப் படியுங்கள். மின்சார உபயோகம் 60 வாட் என்று இருந்தால், அந்த செட் தொடர்ந்து 60 வாட்டுக்கு மேல் ஸ்பீக்கருக்குக் கொடுக்கவே முடியாது. முன்பக்கம் 5000 என்று எழுதியிருந்தாலும் சரிதான்.

அதே சமயம் வாட்டுக்காக அதிகம் அலட்டிக்கொள்ளவும் வேண்டாம். வாட் இரட்டிப்பானால் சத்தம் 3 டெசிபல் மட்டுமே கூடும். காதுக்கு அது "கொஞ்சம் கூடியிருக்கு" என்ற அளவுதான். இரு மடங்கு சத்தமாகத் தோன்ற வாட் பத்து மடங்கு வேண்டும். 100 வாட் பெட்டிக்கும் 150 வாட் பெட்டிக்கும் காசு வித்தியாசம் அதிகம் என்றால், அந்தக் காசை நல்ல கோனிலும் கனமான பெட்டியிலும் போடுங்கள். 1200 கன அடி அறைக்கு உண்மையான 80 முதல் 150 வாட் போதும்.

பவர் கொடுக்கும் மூன்று வழிகள்

முதல் வழி, உள்ளேயே ஆம்ப்ளிஃபயர் உள்ள ஆக்டிவ் சப்வூஃபர். 230 வோல்ட் பிளக்கைச் சொருகி, ரிசீவரின் (டி.வி., ஸ்பீக்கர்கள் எல்லாவற்றையும் இணைக்கும் ஆம்ப்ளிஃபயர் செட்) சப் அவுட்டிலிருந்து ஓர் ஆர்.சி.ஏ. கம்பி கொடுத்தால் முடிந்தது. புதிதாக ஆரம்பிப்பவருக்கு இதுவே நல்லது. ரிசீவர் இல்லாமல் சாதாரண ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் இருந்தால், சப்வூஃபரின் பின்னால் ஸ்பீக்கர் கம்பி நுழைக்கும் ஹை லெவல் இன்புட் இருக்கிற மாடலாகப் பாருங்கள்.

இங்கே பலர் செய்யும் தவறு ஒன்று. வெறும் ஸ்பீக்கர் மட்டும் உள்ள பாசிவ் சப்வூஃபரை ரிசீவரின் சப் அவுட்டில் கோர்த்துவிட்டு, சத்தமே வரவில்லை என்பார்கள். அந்த அவுட்டில் வருவது சிக்னல் மட்டும்தான், ஸ்பீக்கரை ஓட்டும் சக்தி அதில் இல்லை. நடுவில் ஓர் ஆம்ப்ளிஃபயர் வேண்டும்.

இரண்டாவது வழி, அந்த ஆம்ப்ளிஃபயரை நாமே அசெம்பிள் செய்வது. சென்னை ரிச்சி தெருவிலும் எல்லா ஊர் ரேடியோ ஸ்பேர்ஸ் கடைகளிலும் 5200, 1943 ட்ரான்சிஸ்டர் ஜோடி போட்ட மோனோ போர்டு கிடைக்கும். 4440 ஐ.சி. போர்டை சப்வூஃபருக்கு வாங்காதீர்கள். அதன் இரண்டு சேனலையும் சேர்த்து பிரிட்ஜ் செய்தாலும் 20 வாட்டைத் தாண்டாது.

ட்ரான்ஸ்ஃபார்மர் கணக்கைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போங்கள். 24-0-24, 5 ஆம்பியர் ட்ரான்ஸ்ஃபார்மரை எடுத்துக்கொள்வோம். 24-ஐ 1.414-ஆல் பெருக்கினால் 34. டயோடு இழப்பு போக ± 33 வோல்ட் டி.சி. கிடைக்கும். ட்ரான்சிஸ்டர்கள் தங்களுக்கென்று நான்கு வோல்ட் எடுத்துக்கொண்டால் மிச்சம் 29. இதை 29-ஆல் பெருக்கி, ஸ்பீக்கர் ஓமின் இரண்டு மடங்கால் வகுங்கள். 4 ஓம் ஸ்பீக்கருக்கு 105 வாட், 8 ஓமுக்கு 52 வாட். பலமான பேஸ் அடிக்கும்போது வோல்ட் கொஞ்சம் இறங்கும், ஆகவே 4 ஓமில் 80 முதல் 90 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் அறைக்கு இது சரியான அளவு. ஃபில்டர் கண்டன்சர் பக்கத்துக்கு ஒன்றாக 10,000 மைக்ரோஃபாரட், 63 வோல்ட். 50 வோல்ட் கண்டன்சரும் ஓடும், ஆனால் லைன் வோல்டேஜ் ஏறும் ஊர்களில் 63 நிம்மதி. மெயின் பக்கம் 2 ஆம்பியர் ஸ்லோ ப்ளோ ஃபியூஸ் கட்டாயம்.

முதல் தடவை ஆன் செய்யும்போது ஸ்பீக்கரைக் கோர்க்காதீர்கள். 230 வோல்ட் லைனில் 100 வாட் குண்டு பல்பு ஒன்றைச் சீரியஸாகப் போட்டு ஆன் செய்யுங்கள். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து, கண்டன்சர் நிறைந்ததும் அடங்கிவிட்டால் சரி. பளிச்சென்றே நின்றால் எங்கோ ஷார்ட், உடனே அணைத்துவிடுங்கள். பல்பு அடங்கிய பிறகு, மல்ட்டி மீட்டரை டி.சி.யில் வைத்து ஸ்பீக்கர் முனைகளைத் தொடுங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் ஸ்பீக்கர் கோர்க்கலாம். முழு வோல்ட்டாகக் காட்டினால் ட்ரான்சிஸ்டர் ஒன்று போயிருக்கிறது. அந்த நிலையில் கோர்த்தால் கோன் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கும், சில நொடிகளில் எனாமல் கருகும் வாசனை வரும், ஸ்பீக்கர் அவ்வளவுதான். ரிலே வைத்த ஸ்பீக்கர் புரொடெக்‌ஷன் போர்டு இதற்காகத்தான். விலை சொற்பம், அதை விட்டுவிடாதீர்கள்.

மூன்றாவது வழி, கார் சப்வூஃபரையும் கார் ஆம்ப்ளிஃபயரையும் 230 வோல்ட்டை 12 வோல்ட் டி.சி.யாக்கும் எஸ்.எம்.பி.எஸ். வைத்து வீட்டில் ஓட்டுவது. உண்மையான 250 வாட் டி கிளாஸ் ஆம்ப்ளிஃபயர் 80 சதவீதத் திறனில் ஓடினால் 312 வாட் இழுக்கும், 12 வோல்ட்டில் அது 26 ஆம்பியர். ஆகவே 30 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ். குறைந்தபட்சம், 40 இருந்தால் நல்லது. சிறிய எஸ்.எம்.பி.எஸ். போட்டால் பேஸ் அடிக்கும் ஒவ்வொரு முறையும் அணைந்து அணைந்து எரியும். இரண்டுக்கும் நடுவே 6 சதுர மி.மீ. கம்பியை, அரை மீட்டருக்குள், முறுக்கமாகத் திருகிக் கோர்க்கவும். எல்லாம் கோர்த்தும் ஆம்ப்ளிஃபயர் உயிர் பெறவில்லையா? ரிமோட் என்று எழுதிய சிறிய முனைக்கு 12 வோல்ட் பாசிட்டிவிலிருந்து ஒரு கம்பி கொடுங்கள். காரில் அந்த வேலையை ஸ்டீரியோ செய்யும், வீட்டில் நாம்தான் செய்ய வேண்டும். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் 230 வோல்ட் முனைகள் திறந்தே இருக்கும். குழந்தைகள் உள்ள வீட்டில் அதைப் பெட்டிக்குள் மூடி, காற்றுத் துளை விட்டு, எர்த் கொடுத்த பிறகே மின்சாரம் கொடுங்கள். கார் பேட்டரியை அறைக்குள் வைத்துச் சார்ஜ் போட்டபடி ஓட்டும் யோசனை வேண்டாம். சார்ஜ் ஆகும்போது எரியக்கூடிய ஹைட்ரஜன் வெளிவரும்.

பல கார் சப்வூஃபர்களில் இரட்டை வாய்ஸ் காயில் இருக்கும். 4 + 4 ஓம் காயில்களைச் சீரியஸாகக் கோர்த்தால் 8 ஓம், பேரலலாகக் கோர்த்தால் 2 ஓம். 2 ஓம் தாங்கும் என்று ஆம்ப்ளிஃபயரில் எழுதியிருந்தால் ஒழிய பேரலல் வேண்டாம். மீட்டரில் அளந்தால் எழுதியிருப்பதைவிடக் குறைவாகக் காட்டும். 4 ஓம் ஸ்பீக்கர் 3.2 முதல் 3.6 வரை காட்டினால் அது பழுதில்லை.

பெட்டியும் நீங்களே அடிப்பதானால் 18 மி.மீ. பலகை. எம்.டி.எஃப். ஈரம் பட்டால் உப்பிவிடும், ஆகவே தரையில் நிற்கும் பெட்டிக்குத் தண்ணீர் தாங்கும் பி.டபிள்யூ.ஆர். ப்ளைவுட். உள் அளவு 14 × 14 × 10 அங்குலம் என்றால் 1960 கன அங்குலம். அதை 1728-ஆல் வகுத்தால் 1.13 கன அடி, சுமார் 32 லிட்டர். ஸ்பீக்கர் அடைக்கும் இடம் போக ஒரு கன அடி நிற்கும். ஸ்பீக்கர் கம்பெனியின் தாளில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். மூட்டுகளுக்குப் பசையும் சிலிக்கானும் பூசி, கோனை அழுத்தி விட்டுப் பாருங்கள். மெதுவாக எழுந்து வந்தால் காற்று கசியவில்லை. துள்ளி எழுந்தால் எங்கோ ஓட்டை.

பாசிட்டிவ், நெகட்டிவ் தெரியாத ஸ்பீக்கரா? 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டு எடுங்கள். கோன் வெளியே வந்தால் பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் பாசிட்டிவ்.

வைக்கும் இடம்

பெரும்பாலும் டி.வி. ஸ்டாண்டுக்குக் கீழே எங்கே காலி இருக்கிறதோ அங்கே தள்ளிவிடுகிறார்கள். இதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள், செலவில்லாமல் கிடைக்கும் மிகப் பெரிய முன்னேற்றம் இதுதான்.

சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் சோஃபாவிலேயே வையுங்கள். பேஸ் கிட்டார் ஏறி இறங்கும் பாட்டு ஒன்றை மிதமான சத்தத்தில் திரும்பத் திரும்ப ஓட விடுங்கள். பிறகு சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள், காது தரைக்கு அருகில் இருக்கட்டும். எங்கே எல்லாச் சுரங்களும் ஏறக்குறைய ஒரே அளவில் கேட்கின்றனவோ அந்த இடத்தில் சாக்பீஸால் குறியுங்கள். அதிக சத்தம் கேட்கும் இடத்தைத் தேடாதீர்கள், சமமாகக் கேட்கும் இடத்தைத் தேடுங்கள். குறித்த இடத்துக்குச் சப்வூஃபரைக் கொண்டுபோனால், சோஃபாவில் அதே சமநிலை கிடைக்கும்.

மூலையில் வைத்தால் சத்தம் கூடும், குமுறலும் கூடும். சின்ன ஆம்ப்ளிஃபயர் உள்ளவர்கள் மூலையில் ஆரம்பித்து, குமுறினால் ஒரு சுவரிலிருந்து மட்டும் அரை அடி அரை அடியாக நகர்த்திப் பார்க்கலாம். உட்காரும் இடமும் அதே அளவு முக்கியம். முதுகு சுவரில் ஒட்டினால் பேஸ் பொங்கும், அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தால் வெறுமையாக இருக்கும். சோஃபாவைப் பின்சுவரிலிருந்து இரண்டடி முன்னே இழுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

குமிழ்களைத் திருப்புதல்

ரிசீவர் இருந்தால் மற்ற ஸ்பீக்கர்களை "ஸ்மால்" என்று வைத்து, கிராஸ்ஓவர், அதாவது எதற்குக் கீழே ஒலி சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்ற எல்லை, 80 ஹெர்ட்ஸ் கொடுங்கள். சப்வூஃபரில் உள்ள கிராஸ்ஓவர் குமிழை முழுதாகத் திறந்துவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு ஃபில்டரும் ஒன்றின் மேல் ஒன்று வெட்டி நடுவில் ஓட்டை விழும். ரிசீவர் இல்லை என்றால் சப்வூஃபரின் குமிழையே 80-இல் வைக்கவும். கையடக்க மூன்றங்குல ஸ்பீக்கர்கள் என்றால் 120 வரை ஏற்ற வேண்டியிருக்கும். ஆனால் 100-ஐத் தாண்டினால் பேஸ் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காது கண்டுபிடித்துவிடும், அப்போது சப்வூஃபரை டி.வி.க்கு அருகிலேயே வைக்க வேண்டும்.

அடுத்து ஃபேஸ் சுவிட்ச். சப்வூஃபரின் கோன் மற்ற ஸ்பீக்கர்களோடு சேர்ந்து அசைகிறதா, எதிராக அசைகிறதா என்பதை மாற்றுவது இது. 80 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை எல்லா ஸ்பீக்கரிலும் ஓட விட்டு நீங்கள் சோஃபாவில் இருங்கள், வேறொருவர் சுவிட்சை 0, 180 என்று மாற்றட்டும். எதில் சத்தம் கூடுகிறதோ அதுவே சரி. சோதனை ஒலியை எப்போதும் மெல்லவே ஓட விடுங்கள். இசையைப் போல் இடைவெளி இல்லாத தொடர் ஒலி என்பதால் வாய்ஸ் காயில் சீக்கிரம் சூடாகும்.

சப்வூஃபரின் சத்த அளவான கெயின் கடைசியில். குமிழைக் கால்வாசியில் வைத்து, நன்கு தெரிந்த பாட்டில் பாடகர் குரலையும் பேஸ் கிட்டாரையும் சேர்த்துக் கேளுங்கள். சப்வூஃபரை அணைத்தால் "எதோ குறைகிறதே" என்று தோன்ற வேண்டும். ஓடும்போது அது தனியாக ஒரு பெட்டி என்று தெரியக்கூடாது. போனில் உள்ள சத்தமானி ஆப்பை இதற்கு நம்ப வேண்டாம், போன் மைக் தாழ்ந்த பேஸைக் குறைத்தே காட்டும்.

இரைச்சலும் அதிர்வும்

பாட்டு இல்லாதபோதும் "ம்ம்ம்" என்று ஹம் வந்தால், முதலில் செட்டாப் பாக்ஸின் கேபிள் டி.வி. ஒயரைக் கழற்றிப் பாருங்கள். ஹம் நின்றால் எர்த் லூப்தான் (இரண்டு வழியாக எர்த் சேர்ந்து வளையமாவது) காரணம், கேபிளில் ஐசொலேட்டர் போட்டால் தீரும். நிற்கவில்லை என்றால் டி.வி., ரிசீவர், சப்வூஃபர் மூன்றையும் ஒரே ஸ்விட்ச் போர்டிலிருந்து எடுங்கள், ஆர்.சி.ஏ. கம்பியை மின்கம்பியிலிருந்து விலக்குங்கள். ஹம் போக வேண்டும் என்று எர்த் பின்னை வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள், உள்ளே ஒரு கம்பி கழன்று பெட்டியைத் தொட்டால் அந்த எர்த்தான் உயிரைக் காப்பாற்றும்.

கரண்ட் போனபோது மட்டும் செட் இரைந்து, பேஸும் தளர்ந்தால் உங்கள் இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகை. சாதாரண 230 வோல்ட் சைன் அலையின் உச்சம் 325 வோல்ட், ஸ்கொயர் வேவில் உச்சமே 230-ஐ ஒட்டித்தான். மேலே சொன்ன ட்ரான்ஸ்ஃபார்மர் செட்டில் 33 வோல்ட் கிடைத்த இடத்தில் 23, 24 தான் கிடைக்கும். சைன் வேவ் இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் அந்த நேரத்தில் சப்வூஃபரை அணைத்து வையுங்கள்.

கடைசியாக, 30 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் சோதனை ஒலியை ஓட விட்டு அறையைச் சுற்றி நடந்து வாருங்கள். பீரோ கதவு ஓர் அதிர்வெண்ணில் கடகடக்கும், ஜன்னல் கொக்கி இன்னொன்றில், பரணில் அடுக்கிய எவர்சில்வர் பாத்திரங்கள் வேறொன்றில். சத்தம் வரும் பொருளைக் கையால் அழுத்தினால் நிற்கும், அங்கே ஃபெல்ட் துண்டோ ரப்பரோ ஒட்டுங்கள். பாத்திரங்களுக்கு நடுவே பழைய துணி. சப்வூஃபரின் கீழே ரப்பர் கால் வைத்தால் தரை வழியாகக் கீழ்வீட்டுக்குப் போகும் அதிர்வு ஓரளவு குறையும். காற்று வழியாகப் போவதை ரப்பர் தடுக்காது, அதனால் இரவு பத்துக்கு மேல் கெயினைப் பாதியாக்கிவிடுங்கள். பக்கத்து வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டு கேட்காது, பேஸ் மட்டும் கேட்கும்.